மிளகு மூட்டை உட்கார்ந்த இடத்தில் நான்

அப்பு,

நீயும் நிவேதாவும் நல்லபடியாகத்தான் இருக்கிறீர்கள் என்பது போன வாரம் நீ போனில் போட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. உடம்புக்கு முடியாதவனால் அப்படிக் கத்த முடியாது. அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நீ பத்து சொல்லிவிடுகிறாய். பெங்களூர் ஆபீசிலும் எல்லாரையும் இப்படித்தான் வாயைத் திறக்கவிடாமல் அடிக்கிறாயோ என்னவோ. எழுதினால் கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும். அதுவும் போக, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே இன்னும் சரியாகத் தெரியவில்லை. எழுதிக்கொண்டே போனால் தெளியும் என்று நினைக்கிறேன். தெளியாமலும் போகலாம்.

உன் அப்பா, இத்தனை காலம் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிய ஜீப்பை விற்றுவிட்டார். விற்ற கையோடு, மலைக்கு அந்தப் பக்கம் பூப்பாறையில் மிளகு, ஏலக்காய் வியாபாரம் செய்கிற பேபி என்பவரிடம் ஒரு பழைய பெரிய பைக் இருக்கிறது, அதை வாங்கப் போகிறேன் என்கிறார். சாதாரண பைக் இல்லை. முன்னால் காற்றைத் தடுக்க ஒரு கண்ணாடி, இரண்டு பக்கமும் பயணப் பெட்டி, என் இடுப்பு உயரத்துக்குப் பின்சீட்டு. வேகமாகவும் போகுமாம், தூரமாகவும் போகுமாம். அதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஊர் சுற்ற ஆசை என்கிறார். எங்கள் என்பதில் நான் எப்போது சேர்ந்தேன் என்பது எனக்குத் தெரியாது. இதைக் கேட்டுத்தான் நீ கத்தினாய். "இந்த வயசுல இடுப்ப ஒடிச்சுக்கிட்டுப் படுத்தா யாரு பாக்குறது?" என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அம்மா, நான் சொன்னா அப்பா கேக்க மாட்டாரு. நீ ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா. பயமா இருக்குன்னு சொல்லு. அதோட விட்டுருவாரு" என்றாய். நானும் சரி என்றுதான் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் குழப்பம் ஆரம்பித்தது.

நீ சொன்னது உண்மைதான். பயம் என்று யாராவது சொல்லிவிட்டால் உன் அப்பா வாதாட மாட்டார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் பள்ளிக்கூட லீவு என்று அடம்பிடித்து ஜீப்பில் ஏறினாயே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது நானும் எஸ்டேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். போடிமெட்டுக்குப் பாதி மலை ஏறியிருப்போம். ஒரு வளைவில் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பயமா இருக்கு" என்று அழுதாய். உன் அப்பா அங்கேயே ஜீப்பை ஓரம் கட்டினார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டார், இறங்கிப் போய்ப் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைத்தார். உன் கையைப் பிடித்து அந்த வளைவு முழுக்க நடத்தியே கூட்டிக்கொண்டு போனார். பின்னால் இருந்த பொம்பளைகள் எல்லாம், "அண்ணே, சோலிக்கு நேரமாச்சுண்ணே, வெரசா வாங்க, கங்காணி வைவாரு" என்று கூப்பாடு போட்டார்கள். அவர் திரும்பியே பார்க்கவில்லை. நீ சிரித்த பிறகுதான் ஜீப்பு நகர்ந்தது. அந்த ருசியில், அதற்கப்புறம் கணக்குப் பரீட்சைக்குக்கூட நீ அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தாய்.

ஆக, நான் சொன்னால் பைக் விஷயம் அன்றைக்கே முடிந்துவிடும். அதுதான் எனக்குச் சிக்கலாக இருக்கிறது. எனக்கு நிஜமாகவே பயமா இல்லையா என்று தெரியாமல் எப்படிச் சொல்வது? நான் வேலை பார்க்கிற கடையில் நாள் முழுக்க ஏலக்காய் தரம் பிரிக்கிறேன். பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று கை தானாகப் போடும். இந்த ஒரு காயை மட்டும் எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் முதலில் பேச்செடுத்ததே சரியில்லை. சாப்பிட்டுக்கொண்டே, "இந்தா, நாம ரெண்டு பேரும் எங்கிட்டாவது போவமா?" என்றார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றேன். கல்யாணம், கருமாதி தவிர நாங்கள் சேர்ந்து எங்கே போயிருக்கிறோம்? "யாருக்கும் ஒண்ணும் ஆகல. சும்மாதான்" என்றார். சும்மா என்றால் எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் பைக் கதை வந்தது. சனி ஞாயிறுகளில் மூணாறுக்குப் போகிற ஜோடிகள் பெரிய பைக்குகளில் இவருடைய ஜீப்பை வளைவுக்கு வளைவு முந்திக்கொண்டு போவார்களே, அவர்களை இத்தனை காலமும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இருந்த மனிதர் இவர். திட்டிக்கொண்டே ஆசைப்பட்டிருக்கிறார் போலிருக்கிறது. "மகன்தான் காரு வாங்கித் தர்றேங்குறானே, அதுல போவோம்" என்றேன். "காருல பின்னாடி சீட்டு இருக்குல்ல. யாராச்சும் ஏறிருவாக" என்றார். இது என்ன காரணம் என்று அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

இரண்டு நாள் கழித்துக் கடையில் காய் பிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் அது உறைத்தது. அப்பு, உன் அப்பா ஜீப்பின் முன்சீட்டில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உனக்கு இது தெரியுமா? மலை ஜீப்பில் முன்சீட்டுக்கு ஒரு முறை உண்டு. டிரைவருக்குப் பக்கத்தில் கங்காணி, அவருக்குப் பக்கத்தில் வயதானவர்கள், வாந்தி எடுக்கிறவர்கள், கடைசியாக ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் தொங்குகிற யாரோ ஒருவர். டிரைவர் பொண்டாட்டி பின்னால் பெஞ்சில், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு மற்றப் பொம்பளைகளோடு வரவேண்டும். முன்னால் உட்கார்ந்தால், பொண்டாட்டிக்குச் சீட்டுப் போட்டுக் கொடுக்கிறான் என்று பேச்சு வரும். ஆள் இல்லாத நாளிலும் எப்படியோ வழியில் ஒரு ஆள் கை காட்டி ஏறிவிடும். கல்யாணமான புதிதில் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. பின்பெஞ்சிலிருந்து அவர் பொடனியை நான் பார்த்த அளவுக்கு முகத்தைப் பார்த்திருப்பேனா என்பது சந்தேகம்தான். இதெல்லாம் அவர் மனதில் ஓடியிருக்கிறதா, அல்லது நானாகக் கதை கட்டிக்கொள்கிறேனா? கேட்டால் சொல்லமாட்டார். அதனால் நானும் கேட்கவில்லை.

சரி, பார்த்துவிட்டாவது வருவோம் என்று பஸ்சில் பூப்பாறைக்குப் போனோம். பேபி சேட்டன் தன் கடைக்குப் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். உன் அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். செயினை விரலால் தூக்கிப் பார்த்தார். டயரில் நகத்தை அழுத்தினார். முன்பக்க ஷாக்கில் எண்ணெய் கசிகிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்தார். ஹேண்டில் பார் முனையைத் தடவினார். ஒருதரம் கீழே விழுந்த வண்டி என்றால் அந்த இடம்தான் காட்டிக்கொடுக்குமாம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு இவர் தலை நிமிரவே இல்லை. கேரளா நம்பரை நம் நம்பருக்கு மாற்ற என்னென்ன காகிதம் வேண்டும் என்பதெல்லாம் விசாரித்து முடித்த பிறகு பேபி சேட்டன் என்னைப் பார்த்து, "சேச்சி ஒண்ணு கேறி இருந்து நோக்கணும். ரெண்டு பேரு போற வண்டியில்லே? பின்சீட்டு அல்லே முக்கியம்" என்று ஏறி உட்காரச் சொன்னார். கடையில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் சேலை கட்டியிருந்தேன். அந்த வண்டியில் ஒருக்களித்து உட்கார முடியாது. இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்கார வேண்டும். "நீங்களே ஓட்டிப் பாத்துட்டு வாங்க. நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டேன்.

உன் அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அங்கே அடுக்கியிருந்த மிளகு மூட்டைகளைக் கண்ணால் அளந்தார். "சேட்டா, அந்தா அந்த ஓரத்து மூட்டைய இங்கிட்டுக் கொண்டாரச் சொல்லுங்க" என்றார். எதற்கு என்று அவர் கேட்க, "இவ வெயிட்டு அம்புட்டுத்தேன் இருக்கும்" என்றார் உன் அப்பா. அத்தனை பேருக்கு முன்னால்! மூட்டையில் மையால் எழுதியிருந்த எடையைப் போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். வாழ்நாள் முழுக்க லோடு ஏற்றிய கண் தப்பாது. பின்சீட்டில் மூட்டையை நிமிர்த்தி வைத்து, கயிற்றால் வளைத்து வளைத்துக் கட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு ஆட்டம் இல்ல. வளைவுல அப்படியே நம்மளோட படுத்து எந்திரிக்குது. பின்னாடி ஒண்ணு இருக்குறதே தெரியல" என்றார். பின்னால் ஒன்று இருப்பதே தெரியவில்லை என்பதை ஒரு பெரிய பாராட்டாகச் சொல்கிற மனிதரை என்ன செய்வது?

அவர்கள் வெளியே பேசிக்கொண்டிருந்தபோது பேபி சேட்டனின் மனைவி லிஸி என்னை அடுக்களைக்குக் கூட்டிப்போய்ச் சாயா கொடுத்தாள். இவளிடம் கேட்டால் தெளிவாகிவிடும் என்று நினைத்தேன். இவ்வளவு காலம் அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்தவள் இவள்தானே? "பயமா இருக்குமா?" என்று கேட்டேன். "பயமொந்நும் இல்ல சேச்சி. நல்ல சுகம். காத்து வரும், மழை வரும், ரோடு வரும். கொடைக்கானல், வால்பாறை எல்லாம் போயிட்டு வந்நு" என்றாள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "பெறகு ஏன் விக்கிறீக?" என்றேன். அவள் ஜன்னல் வழியாகப் புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனிக்கு மதியாயி சேச்சி, போதும். எத்தனை காலம் அந்தப் பின்கழுத்தையே பாத்துட்டு இருக்கிறது? இப்ப நான் ஸ்கூட்டி வாங்கி. தனியாப் போகும், தனியா வரும்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதே சமயம் தூக்கிவாரிப் போட்டது. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, இவள் முடித்தே விட்டாள். எந்த முகத்தோடு வெளியே வந்தேன் என்று தெரியாது. உன் அப்பா என்னைப் பார்த்ததும், "என்னத்தச் சொல்லுச்சு அந்தப் பிள்ள?" என்றார். "நல்ல வண்டிதானாம்" என்று மட்டும் சொன்னேன்.

பேபி சேட்டன் பழக்கம் உள்ள மனிதர். கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் பிறகு பேசிக்கொள்வோம் என்று சாவியைக் கொடுத்துவிட்டார். போகிற வழிதானே, அந்த மிளகு மூட்டையையும் போடியில் ஒரு கடையில் இறக்கிவிடச் சொன்னார். அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? நான் பஸ்சில் வந்தேன். உன் அப்பா பைக்கில் வந்தார். அவர் பின்னால் மிளகு மூட்டை வந்தது. மலை இறங்குகிற வழியெல்லாம் பஸ்சுக்குப் பின்னால் வருவதும் முந்துவதுமாக இருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "இந்த ஆளப் பாருங்க, இந்த வயசுல இவருக்கு எதுக்கு இந்த வேல?" என்றாள். என் வீட்டுக்காரர் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமா" என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவர் ஒவ்வொரு தடவை முந்திக்கொண்டு போகும்போதும் நான் எட்டி எட்டி அந்த மூட்டையைத்தான் பார்த்தேன். என் இடத்தில் அது ஜம்மென்று உட்கார்ந்து வந்தது. ஒரு மூட்டை மேல் பொறாமைப்படுகிற அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று அன்று முழுக்கக் குழம்பினேன்.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்வது? நீ கல்யாணமாகி நிவேதாவோடு பெங்களூர் போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சோறு போடவா, போடு. தண்ணி வந்துச்சா, வந்துச்சு. அவ்வளவுதான் பேச்சு. ஜீப்பு இருந்தவரை அவருக்குப் பேச ஆள் இருந்தது. எனக்குக் கடையில் ஆள் இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் டிவி பேசும். அப்படி இருக்கையில் இரண்டே பேர் ஒரு வண்டியில் ஏறி, எங்கேயோ ஒரு ஊருக்குப் போய், ஒரு ரூமில் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவோம்? எனக்குப் பயம் அந்த வண்டி மேலா, உன் அப்பாவோடு தனியாக இருப்பதன் மேலா என்றே பிரித்துப் பார்க்க முடியவில்லை. நீ சொல்லச் சொன்ன வார்த்தையைச் சொல்ல முடியாமல் போனதற்கு இதுதான் காரணம். அவர் எதற்குப் பயம் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், "ஒருக்கா மெட்டு வரைக்கும் போயிட்டு வந்துருவோம். புடிக்கலேன்னா வண்டியக் குடுத்துருவோம்" என்றார். நிவேதா அலமாரியில் விட்டுப் போன நீலச் சுடிதாரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கேட்காமல் எடுத்ததற்குக் கோபப்பட வேண்டாம் என்று அவளிடம் சொல். கையில் கொஞ்சம் பிடித்தது, மற்றபடி சரியாகத்தான் இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் யாரோ மாதிரி இருந்தேன். அதற்கு மேல் ஹெல்மெட் வேறு, தலையில் இட்லிப் பானையைக் கவிழ்த்த மாதிரி. தெருவில் அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் தோளைப் பிடித்து, மிதியில் ஏறி, காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்ததும் எனக்கு ஊரே கீழே தெரிந்தது. பிடித்துக்கொள்ளச் சொன்னார். சீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பி இருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நடுத்தெருவில் இவர் இடுப்பைப் பிடிக்கவா முடியும்?

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலை ஆரம்பித்ததும் காற்று மாறியது. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருந்தது. போடிமெட்டில் டீ குடித்தோம். பேசவில்லை, ஆனால் பேசாதது உறுத்தவும் இல்லை. இறங்கும்போதுதான் வம்பு. ஜீப்பு பெஞ்சில் உட்கார்ந்து வருகிற பொம்பளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு, அப்பு. வளைவு எந்தப் பக்கம் போனாலும் நாங்கள் எல்லாரும் மலைப் பக்கமாகத்தான் சாய்வோம். பள்ளத்துப் பக்கம் உடம்பு போகவே போகாது. பைக் அப்படி இல்லையே. வளைவு பள்ளத்துப் பக்கமாகத் திரும்பினால் வண்டியோடு நாமும் பள்ளத்துப் பக்கம் சாய வேண்டும். அவர் அந்தப் பக்கம் சாய்க்க, நான் என்னை அறியாமல் இந்தப் பக்கம் இழுத்தேன். இரண்டு மூன்று வளைவு அவர் எப்படியோ சமாளித்தார். அடுத்ததில் வண்டி திரும்ப மாட்டேன் என்று நடுரோட்டுக்கு ஓடியது. எதிரே ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப்பு ஏறி வந்துகொண்டிருந்தது. ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. எப்படித் திருப்பினார் என்று தெரியாது. ஜீப்பு உரசுகிற மாதிரிப் போனது. கொஞ்சம் தள்ளி ஓரமாக நிறுத்தினார்.

தலையைத் திருப்பாமலே, "பயமா இருக்கா?" என்று கேட்டார். நீ சொல்லச் சொன்ன வார்த்தைதான், ஆனால் அந்த நேரத்தில் உன் ஞாபகம் எனக்கு இல்லை. "இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? உடனே எஞ்சினை அணைத்தார். என்னைக் கைப்பிடித்து இறக்கிவிட்டார். ஸ்டாண்டைப் போட்டார். அப்புறம் ரோட்டோரம் குனிந்து ஒரு கல்லைத் தேடி எடுத்துவந்து பின்சக்கரத்துக்கு வைத்தார். பைக்குக்கு யாராவது கல் வைப்பார்களா? குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிரேக்கில் காந்தல் வாடை வருகிறதா என்று மோந்து பார்த்தார், ஜீப்புக்குச் செய்கிற மாதிரியே. எழுந்து, "சரி, விட்டுருவோம். நாளைக்கே கொண்டுபோயி விட்டுர்றேன். நீ பஸ்சுல வா, நான் பின்னாடியே வர்றேன்" என்றார். கோபம் இல்லை, வருத்தம்கூடக் காட்டவில்லை. நீ சொன்னபடியே அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இல்லை.

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கழற்ற முடியாமல் விரல் தடுமாறிக்கொண்டிருந்தது. "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றேன். "எனக்கும்தேன் பயமா இருக்கு" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் நான் அன்றைக்குத்தான் முதல்தடவை கேட்டேன். "இம்புட்டு வருசம் ஆளுகள அடைச்சுக்கிட்டு இதே ரோட்டுலதானே எறங்குனீக?" என்றேன். "ஜீப்புல திரும்பிப் பாத்தா எல்லாரும் தெரியும். சத்தம் வரும். இதுல நீ இருக்கியா விழுந்துட்டியான்னே தெரிய மாட்டேங்குது. மூட்டைன்னா கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். ஒன்னைய என்னத்தப் போட்டுக் கட்டுறது?" என்றார். பிறகு வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "கம்பியப் புடிச்சா நீ எங்கிட்டுச் சாயுறன்னு எனக்குத் தெரியாது, நான் எங்கிட்டுச் சாயுறேன்னு ஒனக்குத் தெரியாது. என்னையப் புடிச்சா ரெண்டு பேருக்கும் தெரியும். ரோட்டுல போற நாயி எல்லாம் என்ன நெனைக்குமோன்னு பாத்தா எப்பிடி?" என்றார். கடைசியில் திட்டித்தான் முடித்தார். அது அவர் வழக்கம்.

எனக்கு என்ன தோன்றியது என்று எழுதினால் உனக்குப் புரியுமா தெரியவில்லை. எனக்கே புரியவில்லை. பஸ் வந்தது. அதுவாகவே வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, ஏறுகிறீர்களா என்று கையாலேயே கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். உன் அப்பா பக்கம் திரும்பி, "கல்ல எடுங்க" என்றேன். ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் கொண்டுபோய் அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். பட்டப்பகலில், அவரைத் தெரியாத ஆளே இல்லாத அந்தப் போடிமெட்டு ரோட்டில். அடுத்த வளைவில் அவர் உடம்பு பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. என் உடம்பும் கூடவே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த வளைவில் திறந்திருந்தேன். எதிரே ஏறி வந்த ஜீப்பிலிருந்து இவருடைய பழைய கூட்டாளி ஒருவர், "மாப்ளே, இம்புட்டு நாளா இந்தக் கூத்து தெரியாமப் போச்சேடா!" என்று கத்திக்கொண்டு போனார். உன் அப்பா முதுகு குலுங்கியது. சிரிக்கிறார் என்று கையிலேயே தெரிந்தது.

வண்டி இப்போது நம் வாசலில் நிற்கிறது. இந்த வாரம் பேபி சேட்டனிடம் போய்ப் பேசி முடிக்கப் போகிறார். எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. இதை எழுதும்போதுகூட அந்த ஜீப்பு உரசிக்கொண்டு போனது கண்ணுக்குள் நிற்கிறது. லிஸி மாதிரி ஒருநாள் எனக்கும் போதும் போதும் என்று ஆகலாம். போகிற ஊரில் பேச ஒன்றும் இல்லாமல் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். உனக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன், சரியா தப்பா என்று நீயே பார்த்துக்கொள். நிவேதா பயமாக இருக்கிறது என்று சொன்னால் உன் அப்பா மாதிரி உடனே நிறுத்து. ஆனால் அதோடு விஷயம் முடிந்தது என்று கிளம்பிவிடாதே. கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார். அவளுக்கு மேற்கொண்டு சொல்ல ஏதாவது இருக்கலாம். உனக்கும் பயம் என்றால் அதையும் அவளிடம் சொல்லிவிடு.

நீ சொல்லச் சொன்னதை நான் சொல்லிவிட்டேன், அப்பு. அவரும் நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் நடந்ததற்கு நான்தான் பொறுப்பு, அவரைத் திட்டாதே. பொங்கலுக்கு வாருங்கள். நால்வரும் சேர்ந்து மலைக்குப் போவோம். நீங்கள் உங்கள் காரில் பின்னால் வாருங்கள். எங்கள் வண்டியில் இடமில்லை.

அம்மா